நெயில்பாலிஷ் புள்ளி

இவன் எதற்காக வீடியோகேம் கேசட்டை மேசைக்குக் கீழே கொண்டுபோகிறான். மேலே இடமில்லையா. மேலே இடமில்லைதான், கழற்றிப் போட்ட பலகைகளும் ஒயர்களும் காலையில் இட்லி கட்டிவந்த தாளுமாகக் கிடக்கிறது, இருந்தாலும் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு என் கண்ணெதிரே வைத்துக்கொண்டால் குடியா முழுகிவிடும். நான் ஸ்டூலிலிருந்து லேசாக எழுந்து எட்டிப் பார்க்கிறேன். கேசட் அவன் மடியில் இருக்கிறது. பென்சில் ரப்பரை வைத்து அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். “கறுத்துப் போயிருக்குது மேடம், தேய்ச்சாத்தான் ரீடர் படிக்கும்” என்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே பதில் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வண்டி விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. அன்றைக்கு மழையா என்று நான் வாயைத் திறப்பதற்குள் “அன்னைக்குப் பாத்து நல்ல மழைங்க” என்று ஆரம்பிக்கிறவன் வண்டி நிச்சயம் வெயிலில்தான் இடித்திருக்கும். ஜெசிந்தா மேடம் டேபிளுக்குப் போன கோரிக்கை உயிரோடு திரும்பாது என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள், என் காதில் விழட்டும் என்றே பேசுவார்கள். பேசட்டும். இவன் இப்போது மடியில் வைத்துத் தேய்க்கிற கேசட் என்னுடையதுதானா, இல்லை மேசைக்குக் கீழே இதே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறானா. இருக்கட்டுமே. என் கேசட்டின் முதுகில், எழுத்துக்குப் பக்கத்தில், காலையிலேயே நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். மெரூன் நிறம். இந்த ரிச்சி தெரு முழுக்கத் தேடினாலும் அந்த மெரூன் கிடைக்காது.

கடை என்று சொல்வதே அதிகம். மாடிப்படி ஏறியதும் பக்கவாட்டில் ஒரு அலமாரிக்குக் கதவு வைத்த மாதிரி ஓர் இடம், அதற்குள் கேசட்டைத் தேய்க்கிற இந்த முனிரத்தினம் என்கிற மனிதர், என் வயதுதான் இருக்கும், நெற்றியில் சந்தனம், கழுத்தில் பூதக்கண்ணாடி. கீழே தெருவில் ஒருவன் சார்ஜர் சார்ஜர் என்று கத்துகிறான், இன்னொருவன் என்னைப் பார்த்து “இன்னா வேணும் அக்கா, சிசிடிவியா” என்று தோளை இடித்துக்கொண்டு வந்தான், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு முன்னால் இரண்டு மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று பெட்டியோடு சீனாவிலிருந்து வந்தது, பெரிய திரை, வழவழவென்று இருக்கிறது. இன்னொன்று முனிரத்தினமே கூட்டிச் சேர்த்தது, சின்னப் பலகை ஒன்றும் திரை ஒன்றும் வாங்கி, பிளாஸ்டிக்கில் அச்செடுத்த கூட்டுக்குள் வைத்து மூடியது, மடித்த கைக்குட்டை அளவு இருக்கும். இரண்டிலும் பழைய மெஷின்களைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறதாம், எமுலேட்டர் என்று பெயர். பழைய கேசட்டில் இருப்பதைக் கொடுத்தால் இது தன்னை அந்தப் பழைய மெஷின் என்று சொல்லிக்கொண்டு ஆட விடுமாம். எங்கள் ஆபீசில் அதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர், போலீசுக்கு எழுதிவிடுவோம். “பெருசு எடுங்க மேடம், தம்பிக்குக் கண்ணு சரியில்லன்னு சொல்றீங்க, பெருசாத்தான் நல்லாத் தெரியும்” என்கிறார். பெரியதில் லாபம் அதிகம், அது எனக்குத் தெரியாதா. அந்தப் பெட்டியின் முத்திரை ஏற்கெனவே ஒரு தடவை பிரித்து ஒட்டியது, ஓரத்தில் பசை தெரிகிறது. நகத்தால் கீறிக் காட்டினேன். “டெமோ பீஸ் மேடம், வர்றவங்களுக்குக் காட்டணும்ல” என்று பல்லைக் காட்டினார். பார்த்தீர்களா, பொய் இருந்தது. நான் தேடினால் இருக்கும். தேடாமல் போனவர்களுக்குத்தான் இல்லை.

ஆனால் லியோன் சின்னது போதும் என்றுதான் சொன்னான். சின்னதா இருக்கட்டும், வெளிச்சம் மட்டும் நல்லா இருக்கணும் என்றான். அக்காவுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சொல்கிறானோ என்று அவனையும் சந்தேகப்பட்டேன், நான் யாரை விட்டேன். என் தம்பி. தூத்துக்குடியில் அம்மாவோடு இருக்கிறான். முதலில் பொழுது சாய்ந்தால் தடுமாறினான், வாசல்படியில் இடித்துக்கொண்டான், குடித்திருக்கிறானோ என்று நான் வாயை மோந்து பார்த்தேன், அவனும் ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்து காட்டினான். பிறகுதான் தெரிந்தது, விழித்திரை ஓரங்களிலிருந்து செத்துக்கொண்டே வருகிறது. இப்போது நடுவில் மட்டும் ஒரு துளை போலப் பார்வை மிச்சமிருக்கிறது. அதுவும் சுருங்கும், இந்த வருஷம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அவரும் அதையே சொன்னார், இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களா என்று விசாரித்தேன். இல்லை. சற்று முன்னால் கையிலிருந்த கடை விளம்பரத் தாளைச் சுருட்டிக் குழல் மாதிரி செய்து கண்ணில் வைத்து இரண்டு மெஷின்களையும் பார்த்தேன். முனிரத்தினம் விநோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும். குழல் வழியே பெரிய திரையின் ஒரு மூலைதான் தெரிந்தது, அதில் ஓடிய ஏதோ ஆட்டத்தின் ஆளுக்குக் கால் தெரிந்தால் தலை தெரியவில்லை. சின்னது முழுதாக உள்ளே வந்துவிட்டது, நான்கு ஓரமும் வந்துவிட்டது. லியோன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். இந்தக் குழலை எந்நேரமும் கண்ணில் மாட்டிக்கொண்டுதான் அவன் சோறு தின்கிறான், ஷேவ் பண்ணிக்கொள்கிறான், நான் ஊருக்குப் போனால் என் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கிறான். சின்னதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முனிரத்தினம் முகம் சுருங்கியது, பிறகு தான் செய்தது விற்றது என்று கொஞ்சம் மலர்ந்தது.

மெஷின் எதுவாக இருந்தால் என்ன, உயிர் கேசட்டில் இருக்கிறது. அப்பா கப்பலில் இருந்தபோது கையடக்க மெஷினோடு கொண்டுவந்த கேசட். எழுத்தெல்லாம் ஜப்பான்காரன் எழுத்து, ஒன்றும் புரியாது, ஒரு ராஜகுமாரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கோட்டை கோட்டையாக இறங்குவான், அவ்வளவுதான். சின்ன வயதில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஆடுவோம், எனக்கு மூன்றாவது கோட்டையிலேயே சலித்துவிட்டது, கல்யாணம், வேலை, மெட்ராஸ். லியோன் விடவில்லை. நடுவில் கேசட்டின் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனது, அவனே பிரித்து, புதியதை டேப் ஒட்டி வைத்து, திருகாணி தொலைந்ததால் கூட்டையும் கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டு, முதலிலிருந்து ஆட ஆரம்பித்தான். அவனுக்கு எதையும் முதலிலிருந்து செய்தால்தான் திருப்தி என்று நினைத்துக்கொண்டேன். பழைய மெஷினின் திரையில் வெளிச்சம் கிடையாது, வெயிலில்தான் தெரியும், அதனால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவான், முதுகு கருத்துப்போகும். எட்டு மணிக்கு ஆபீஸ் போகிறவனைப் போல வெயிலுக்குப் போவான், அம்மா திட்டுவாள். போன கிறிஸ்துமஸ் லீவில் நான் போயிருந்தபோது மாடியிலிருந்து கத்தினான், “யக்கா, ஓடி வா, வந்துட்டு!” மாவுக் கையோடு ஓடினேன். திரையில் ஒரு பெரிய கறுப்புக் கதவு, இரண்டு பக்கமும் பாம்பு. கடைசிக் கோட்டை. நான் துப்பட்டாவை விரித்து வெயில் கூசாமல் மறைத்தேன், அவன் மெஷினை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கதவை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகப் பார்த்தான். “உள்ள போகட்டா?” என்று என்னிடம் கேட்டான். “போலே, போய்ப் பாரு” என்றேன். உள்ளே ஒரே இருட்டு, ராஜகுமாரன் எங்கே நிற்கிறான் என்று எனக்கே தெரியவில்லை, அவனுக்கு எப்படித் தெரியும். திரும்பத் திரும்பச் செத்தான். கடைசியில் கதவு வாசலிலேயே நிறுத்தி, ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, மெஷினை மடியில் போட்டான். இனி முதலிலிருந்து ஆட எனக்குக் கண்ணு இருக்காது, இந்த இடத்திலேர்ந்து வெளிச்சமா ஒண்ணு கெடைச்சா முடிச்சிருவேன், உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டா போதும் என்றான். அழவில்லை. நான்தான் அழுதேன், மாவுக் கையால் கண்ணைத் துடைத்து மூஞ்சியெல்லாம் மாவு.

ரீடர் என்கிற டப்பாவில் கேசட்டைச் செருகுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. புள்ளி? இருக்கிறது, மெரூன், இங்கிருந்தே தெரிகிறது. மாற்றவில்லை. இன்னும் மாற்றவில்லை. லேப்டாப் முக்கி முனகுகிறது, அதை விட்டுவிட்டு யாருக்கோ போனில் விலை சொல்கிறார். எனக்குப் பயமில்லை. வெளியை மட்டுமா காபந்து பண்ணினேன், உள்ளேயும் பண்ணியிருக்கிறேன். ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால் கழற்றக்கூடியதைக் கழற்றிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், இது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா ரேடியோவைக் கொடுக்கும்போது உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் பேனாவால் குறி வைப்பார். ஒரு தடவை சீலிங் ஃபேனை அப்படியே நம்பிக் கொடுத்து, செம்புக் கம்பியை உருவிவிட்டு அலுமினியத்தைச் சுற்றிக் கொடுத்துவிட்டான் ஒருவன், அதன் பிறகு அந்த ஃபேன் சுற்றும்போதெல்லாம் அப்பா அதை அண்ணாந்து பார்த்துத் திட்டுவார். போனைக் கொடுத்தால் சிம்மை எடு, கார்டை எடு, பேட்டரியை எடு. நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு ஊதிப்போனதைப் போட்டுத் தருவார்கள், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் இன்று காலை கேசட்டின் கறுப்பு டேப்பை ஓரமாக உரித்து, லியோன் போட்ட நல்ல ஜப்பான் பேட்டரியை மெதுவாக நெம்பி எடுத்து, டிஷ்யூ தாளில் சுற்றி மணிபர்சில் போட்டுக்கொண்டு, டேப்பை அப்படியே திரும்ப ஒட்டிவிட்டேன். படிக்கத் தேவை என்றால் கேட்கட்டும், என் கையால் போட்டுக் கொடுப்பேன். வீடு வந்ததும் திரும்ப வைத்துவிட்டால் போயிற்று. டிவி ரிமோட்டில் பேட்டரியைக் கழற்றினால் சேனலா மறந்துவிடுகிறது. லியோனிடம் சொல்லவில்லை, சொன்னால் உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் என்று சிரிப்பான். சிரிக்கிறவனுக்கு என்ன, ஏமாந்தால் அவனுக்குத்தானே நஷ்டம்.

“படிச்சிருச்சு மேடம்.” சின்ன மெஷினை என் பக்கம் திருப்பி வைக்கிறார். ராஜகுமாரன் வருகிறான், விளக்கு வருகிறது, அப்பா முதன்முதலாகப் பெட்டியைப் பிரித்த அன்று கேட்ட அதே கீச்சுப் பாட்டு வருகிறது. என்ன வெளிச்சம். இந்த வெளிச்சத்தில் அந்த இருட்டுக் கோட்டை அவனுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும். அடுத்த பக்கம், சேமித்த ஆட்டங்கள், மூன்று கட்டங்கள். அப்பா காலத்திலிருந்தே மேல் கட்டம் என்னுடையது, நடுக்கட்டம் லியோனுடையது. மூன்றும் காலியாக இருக்கின்றன. இறங்கிப் பார்க்கிறேன், ஏறிப் பார்க்கிறேன். காலி. “இதுல சேவ் எதுவும் இல்லியே மேடம்,” என்கிறார் முனிரத்தினம். இல்லையா. எப்படி இல்லாமல் போகும். எனக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்குக் கீழே கொண்டுபோனபோதே தெரியும். “என்ன செஞ்சீங்க? கீழ வச்சு என்ன செஞ்சீங்க?” என் குரல் எனக்கே கேட்கிறது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். “நான் இன்னா மேடம் செஞ்சேன், உங்க எதுர்லதான தேய்ச்சேன்?” “தேய்க்கச் சொன்னேனா நான்? ரப்பரப் போட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டீங்க. டெமோ பீஸ புதுசுன்னு விக்கிற ஆளு, இதையும் செய்வீங்க.” அவர் முகம் கறுக்கிறது. நான் இன்னும் பேசுகிறேன், என்னென்னவோ பேசுகிறேன், நுகர்வோர் கோர்ட் என்கிறேன், போலீஸ் என்கிறேன், பேசப் பேச மனசின் ஓர் ஓரத்தில் மெரூன் புள்ளி அப்படியே இருக்கிறது. கேசட் மாறவில்லை. என் கேசட்தான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கிறது. லியோன். காலையிலிருந்து காத்திருப்பான், எப்போது கூப்பிடலாம் என்று யோசித்து யோசித்துக் கூப்பிட்டிருப்பான். “என்னக்கா, வந்துட்டா? வெளிச்சமா இருக்கா?” “லியோன், இந்தக் கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சுட்டாம்லே.” சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் உருட்டுவது கேட்கிறது. பிறகு மெதுவாகச் சொல்கிறான், “நீ அப்பமே சொன்னல்லா, எவனையும் நம்பப்புடாதுன்னு.” முனிரத்தினம் கேசட்டை ரீடரிலிருந்து உருவி, மேசையின் மேல், இட்லித் தாளைத் தள்ளிவிட்டு, என் கண்ணெதிரே வைக்கிறார். கறுப்பு டேப்பை உரிக்கிறார். கூட்டைத் திறந்து விளக்கைப் பக்கத்தில் இழுக்கிறார். உள்ளே பச்சைப் பலகை, அதன் ஓரத்தில் ஒரு வட்டமான வெறும் இடம், பசை மட்டும் ஒட்டியிருக்கிறது. “பேட்டரி எங்க மேடம்? இந்தப் பழைய கேசட்ல சேவ் எல்லாம் பேட்டரி உசுர்லதான் நிக்கும். அதக் கயட்டினா அந்த நிமிஷமே போயிரும். திருப்பிப் போட்டாலும் வராது.” என்னை நிமிர்ந்து பார்க்கிறார். “நான் கயட்டல.” தெரியும். நீ கழற்றவில்லை என்று எனக்குத் தெரியும் ஐயா. பேட்டரி போச்சு, மாத்திட்டேன், திரும்ப முதலிலிருந்து ஆடுறேன் என்று லியோன் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் காதில் விழுகிறது, இத்தனை வருஷம் அது எங்கே போயிருந்தது. அவன் ஆசைப்பட்டு முதலிலிருந்து ஆடவில்லை, எல்லாம் அழிந்துபோனதால் ஆடினான். கை தானாக மணிபர்சுக்குள் போகிறது. டிஷ்யூ தாளைப் பிரிக்கிறேன், பிரிக்கும்போதுகூட உள்ளே எதுவும் இருக்கக் கூடாது, மாதாவே, எவனாவது பஸ்சில் திருடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இருக்கிறது. பளபளவென்று இருக்கிறது. இரண்டு வருஷ வெயில், அவன் முதுகு கருத்தது எல்லாம் இந்தப் பொத்தானை நம்பி நின்றிருந்தது, நான் காலையில் காபி குடித்துக்கொண்டே நெம்பி எடுத்தேன். முனிரத்தினத்திடம் மன்னிச்சிருங்க என்கிறேன், அவர் தலையைத் திருப்பிக்கொண்டு வேறு எதையோ தேடுகிறார்.

“யக்கா, லைன்ல இருக்கியா?” இருக்கிறேன். பொய்யை அப்படியே விட்டுவிடலாம், அவன் நம்பிவிட்டான், என் சொல் அவனுக்கு வேதம், கடைக்காரன் ரிச்சி தெருவில், அவன் தூத்துக்குடியில், இருவரும் சந்திக்கவே போவதில்லை. எத்தனை பேர் இப்படி என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பக்கத்து வண்டிக்காரன்மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள், எப்படி இவ்வளவு லேசாக வருகிறது இவர்களுக்கு என்று நினைத்திருக்கிறேன். லேசாகத்தான் வருகிறது. “லியோன், அவர் ஒண்ணும் செய்யலலே. நாந்தான். மாத்திருவாங்கன்னு பேட்டரியக் கழட்டிட்டேன். காலைலயே கழட்டிட்டேன்.” மறுபடியும் பாத்திரச் சத்தம். மூச்சு கேட்கிறது. திட்டு, லியோன், ஒரு தடவையாவது நல்லாத் திட்டு. “என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா,” என்கிறான். அவ்வளவுதான். திரையில் மூன்று காலிக் கட்டங்கள், ராஜகுமாரன் விளக்கோடு நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறான், யாராவது பெயர் கொடுப்பார்களா என்று.

பிறகு லியோன் சிரிக்கிறான். “அக்கா, ஒண்ணு சொல்லுதேன், ஏசக்கூடாது. நான் கடைசிக் கோட்டைக்கெல்லாம் போகவே இல்ல. ரெண்டாவதுலயே நின்னுட்டு. ஒன்ட்ட சும்மா அளந்து விட்டேன். அதனால ஒண்ணும் பெருசாப் போகல, பாத்துக்க. நீ மெஷின வாங்கிட்டு வா, ரெண்டாவது கோட்டை வரைக்கும் ரெண்டே நாள்ல போயிருவேன்.” நான் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை, அவனாகவே சொல்கிறான். கறுப்புக் கதவை நான் பார்த்தேன், இரண்டு பக்கமும் பாம்பு, என் துப்பட்டா நிழலில் பார்த்தேன். முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் பொருத்தமில்லை, நேரில் கண்ட சாட்சி நானே, குரல் கடைசியில் லேசாக நடுங்குகிறது. எந்த மேசைக்குப் போனாலும் நிற்காத கோரிக்கை.

“அப்படியாலே,” என்கிறேன். “நெசந்தான்னு நம்பிட்டேன் பாரு.”